லேப் குட்டி கேட்டு எனக்கு போன் செய்யாதீர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேப்ரடார் குட்டி எங்கே கிடைக்கும், எந்த நிறம் நல்லது, ஆண் வாங்கலாமா பெண் வாங்கலாமா என்று கேட்டு யாரும் எனக்கு போன் செய்ய வேண்டாம். அரசு கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்திலேயே இந்தக் கேள்விக்கு நான் இனிமையாகப் பதில் சொன்னவள் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு பொறுமை கூடும் என்றார்கள். எனக்கு இருந்ததும் போய்விட்டது.

இதை எழுதச் சொன்னது கவிதா. என்னிடம் பயிற்சி எடுத்தவள். இப்போது அம்பத்தூரிலேயே கண்ணாடிக் கதவும் ஏசியுமாகச் சொந்தமாக ஒரு நாய் மருத்துவமனை நடத்துகிறாள். புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டுமாம். "நாலு பக்கம் போதும் மேடம். லேப் பத்தி எழுதுங்க. சந்தோஷமான அனுபவமா இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். அவளுடைய மருத்துவமனையில் நாய்களுக்குப் பிறந்தநாள் கேக் விற்கிறார்கள். பக்கத்து அறையில் நாய்கள் உடம்பு இளைப்பதற்கு ஓடும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். இதென்னடி கூத்து என்று கேட்டால் சிரிக்கிறாள்.

சரி, சந்தோஷமாகவே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். போன வாரம் ஒரு போன் வந்தது. அதோடு சந்தோஷம் போயிற்று. பேசியது யார், கேட்டது என்ன என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

படித்தது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் சில வருடங்கள் முத்தாபுதுப்பேட்டை பக்கம் மாடுகளோடு போயின. தோள்வரை கையை விட்டுக் கன்றை இழுத்துப் போட்டுவிட்டு, கை கழுவி, மாட்டுக்காரர் வீட்டு டீயைக் குடித்துவிட்டு அடுத்த கொட்டகைக்கு ஓடிய காலம். அம்பத்தூருக்கு மாற்றலாகி வந்தபோது கொட்டகைகள் எல்லாம் கம்பெனி கிடங்குகளாக மாறிக்கொண்டிருந்தன. மாடு குறைந்தது, நாய் கூடியது. முதலில் பொமரேனியன் வந்தது. பிறகு எல்லாரும் பேசி வைத்துக்கொண்டது போல லேப்ரடார். கடன் வாங்கி வீடு கட்டி, கிரகப்பிரவேசம் முடிந்து, வாசலில் ஒரு வண்டி நின்றதும் அடுத்து வருவது லேப் குட்டிதான்.

"ரொம்ப சாது டாக்டர். கொழந்த வாயில கைய விட்டாக்கூட கடிக்காது" என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். என் கோபமே அதில்தான். குழந்தை ஏன் நாயின் வாயில் கையை விட வேண்டும்?

இத்தனை வருடத்தில் நான் பார்த்தது இது. பொமரேனியன் ஊசியைக் கண்டாலே தெருவைக் கூட்டும். நாட்டு நாய் கதவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து வழி தேடும். லேப்ரடார் ஊசி குத்திய கையை நக்கும். அதற்கு வலிக்கவில்லை என்று இல்லை. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. மாம்பழக் காலத்தில் கொட்டையை விழுங்கிவிட்டுக் குடல் அடைத்துப்போன லேப்ரடார்கள் மேசையில் படுத்தபடி எனக்கு வாலாட்டியிருக்கின்றன. "நேத்துகூட வால ஆட்டிச்சே டாக்டர், நல்லாதான் இருக்குன்னு நெனச்சோம்" என்பார்கள் வீட்டுக்காரர்கள். வாலை வைத்து லேப்ரடாரின் உடம்பை அளக்கிறவர்களை என்ன செய்வது?

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்தவர் டாக்டர் தேவசகாயம். அம்பத்தூரில் என் மேலதிகாரி. ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு டார்ச். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. மிருகங்களை வாங்க போங்க என்பார். கூட்டி வந்த மனிதர்களை வா போ என்பார்.

"வாங்கய்யா, உக்காருங்க. எங்க வலிக்குது?" இது நாய்க்கு.

"நீ எதுக்கு ஸ்டூல் தேடுற? அவரு தரையிலதானே உக்காந்திருக்காரு? நீயும் உக்காரு." இது நாயை வாங்கியவருக்கு.

ஆவடியிலிருந்து காரில் வந்த பெரிய அதிகாரி ஒருவரையும் அப்படித்தான் மொசைக் தரையில் உட்கார வைத்தார். அதிகாரியின் முகம் சிவந்தது. நாய் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டதும் வாயை மூடிக்கொண்டார்.

லேப்ரடார் உள்ளே வந்தால் டாக்டர் உடனே தொட மாட்டார். படுக்க விடுவார். அது தானாக எழுந்திருக்கும் வரைக்கும் காத்திருப்பார். வெளியே வரிசை நீண்டுகொண்டே போகும், அவருக்குக் கவலையில்லை. எந்தக் காலை முதலில் ஊன்றுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்த பிறகே பக்கத்தில் போவார். அப்புறம் கையை விரித்து, அழுத்தாமல், விலாவின் மேல் ஓட விடுவார். "உன் புறங்கையைத் தடவிப் பாரும்மா. எலும்பு தட்டுப்படுதா? இவர் விலாவும் அப்படித்தான் இருக்கணும். உள்ளங்கை மாதிரி மெத்துன்னு இருந்தா, சோறு போடுறவனைக் கூப்பிட்டுத் திட்டு" என்பார். சோற்றைப் பற்றி விசாரிக்கும்போது வீட்டில் உள்ளவர்களை ஒன்றாக நிற்க வைத்துக் கேட்கவே மாட்டார். ஒவ்வொருவராக உள்ளே வரச் சொல்லித் தனித்தனியாகக் கேட்பார்.

இன்னொன்றிலும் அவர் விடாப்பிடி. இனி பிழைக்காது, வலியில் துடிக்கிறது என்ற நிலையில் உயிரை விடுவிக்க ஒரு மருந்து செலுத்துவோம். அதை எங்கள் பக்கத்தில் எல்லாரும் 'ஊசி' என்று மட்டும்தான் சொல்வார்கள். அந்த ஊசிக்கு டாக்டர் தேவசகாயம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் வர வேண்டும். அவர்களில் ஒருவர் நாயின் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"அவர் கடைசியாப் பாக்குறது என் மூஞ்சியா இருக்கக் கூடாது" என்பார்.

உண்மையிலேயே துடிக்கிற நாயைக் கொண்டுவந்தவர்கள் அழுதுகொண்டே பிடித்துக்கொண்டார்கள். சும்மா தொலைத்துக் கட்ட வந்தவர்கள் தலையைப் பிடிக்க முடியாமல் நாயைத் திருப்பிக் கூட்டிப் போனார்கள். டாக்டர் தேவசகாயம் ஓய்வுபெற்றுப் போன பிறகும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை. அதனால்தான் லட்டு பிழைத்தான்.

லட்டு அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் ஏழுமலை வீட்டு நாய். வெளிர் மஞ்சள் நிற லேப்ரடார். ஏழுமலை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுபவர். அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயலிலேயே ஒரு மனை வாங்கி வீடு கட்டியவர். அதில் அவருக்குப் பெருமை, பெருமைப்பட வேண்டியதுதான். கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் குட்டியாக வந்தவன் லட்டு.

ஐந்து வயதுகூட ஆகாத லட்டுவைச் சின்ன லோடு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். இறக்குவதற்கு ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து இரண்டு பேர் வர வேண்டியிருந்தது. எடை ஐம்பது கிலோவைத் தாண்டியது. தரையில் விட்டதும் மாவு மூட்டை போலச் சரிந்து படுத்தான். நான் டாக்டர் தேவசகாயம் மாதிரி காத்திருந்தேன். முன்கால்களை ஊன்றினான். பின்பக்கம் எழவில்லை. மறுபடி முயன்றான். பிறகு படுத்தபடியே என்னைப் பார்த்து வாலை ஆட்டினான்.

"எய்ந்திருக்கவே மாட்டேங்குது டாக்டரம்மா" என்றார் ஏழுமலை. "துன்றதும் ஒண்ணும் பெருசா இல்ல. உடம்பு மட்டும் ஊதிகினே போவுது. இன்னா நோவுன்னே தெர்ல. அவஸ்த படுது, பாக்க முடியல. அதான் ஊசி போட்டுடலாமுன்னு..."

விலாவில் கை வைத்தேன். உள்ளங்கையெல்லாம் இல்லை, தலையணை. எலும்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தேன், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். இடுப்பு மூட்டு தேயத் தொடங்கியிருந்ததே தவிர வேறு நோய் ஒன்றுமில்லை.

"சாப்பாடு யார் போடுறது?"

"நான் தான். ஒரே ஒரு வேள."

"வீட்ல இருக்கிற எல்லாரையும் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பினேன்.

எல்லாரும் என்றால் மூன்று பேர். ஏழுமலை, அவர் மனைவி சரோஜா, மகன் தினேஷ். மூவருக்கும் ஒன்றாக விடுப்பு கிடைக்கிற நாளில் வந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே அழைத்தேன்.

ஏழுமலை சொன்னார்: "ஏ ஷிப்ட் முட்ச்சிகினு மத்தியானம் வருவேன். கேட்டாண்டயே நின்னுகினு இருக்கும். பசியில கண்ணு சொருகிப் போயிருக்கும். பையன் நைட் ஷிப்ட் முட்ச்சிகினு வந்து தூங்கிகினு இருப்பான், யார் போடுவா? நான் தான் ஒரு தட்டு சோறும் குழம்பும் போடுவேன். அதோட சரி."

சரோஜா ஒரு துணி கம்பெனியில் வேலை செய்பவர். அவர் சொன்னார்: "நான் சாய்ங்காலம் வரும்போது அவரு தூங்கிகினு இருப்பாரு. வாயில்லா சீவன் பட்டினியா கெடக்கும்மா. என்னைப் பாத்து அழுவும். நான் வந்துதான் தயிர் சோறு பெசஞ்சு ரெண்டு முட்ட வெப்பேன். நான் இல்லன்னா அது செத்தே போயிருக்கும்."

தினேஷுக்கு இரவு ஷிப்ட். "காலைல நான் வரும்போது ரெண்டு பேரும் கெளம்பிப் போயிருப்பாங்க மேடம். நைட்டெல்லாம் அதுக்கு ஒண்ணும் இருக்காது. கடைல நாலு இட்லி வாங்கினு வருவேன். பொரை, பிஸ்கெட்டு, அவ்ளோதான்."

ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் அந்த நாயைப் பட்டினியிலிருந்து காப்பாற்றுவதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உள்ளே வரும்போது இன்னொருவர் வெளியே போகிற வீடு அது. ஒருவரோடு ஒருவர் உட்கார்ந்து பேசவே வாரத்தில் ஒரு நாள்தான் கிடைக்கும். அன்றைக்கு நாய்க்கு என்ன போட்டாய் என்று யார் கேட்கப் போகிறார்கள்? லட்டு மூன்று ஷிப்டிலும் டியூட்டி பார்த்து, மூன்று ஷிப்டிலும் கேன்டீன் சாப்பாடு வாங்கியிருக்கிறான். அதன்பிறகு இந்தக் கதையை அம்பத்தூரில் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். லேப்ரடார் இருக்கிற ஷிப்ட் வீடு என்றால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். கவிதா, உன் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்.

மூவரையும் சேர்த்து நிற்க வைத்து உண்மையைச் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீயும் போட்டியா?" "நீ போடுறன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்று என் அறைக்குள்ளேயே சண்டை. நடுவில் படுத்திருந்த லட்டு, தினேஷின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே பிஸ்கெட் இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நீங்களே ஊட்டி ஊட்டி நாயைப் படுக்க வைத்துவிட்டு, படுத்துவிட்டது என்று ஊசி கேட்டு வந்து நிற்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று கத்தினேன். வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன்.

பிறகு வைத்தியம். ஒரே கை, ஒரே கிண்ணம். ஏழுமலை வேலை விட்டு வந்ததும் அவர் மட்டும் போட வேண்டும். பாதிக்குமேல் வேகவைத்த பூசணியும் பீன்ஸும். சரோஜா சமையலறையில் இருக்கும்போது லட்டு உள்ளே வரக் கூடாது. தினேஷ் கேட்டைத் திறக்குமுன் தெருவிலேயே பையைத் தட்டிக் காலி செய்ய வேண்டும். காலையில் இடுப்பில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி வாசல்வரை நடை. கொஞ்சம் தேறியதும் தெருக்கோடிவரை.

சரோஜா போன் செய்து அழுவார். "பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றியேம்மா. அது மூஞ்ச பாத்தா சோறு எறங்கல எனக்கு."

"அந்த மூஞ்சிய அது மூணு பேர்கிட்டயும் காட்டிச்சு சரோஜா. நம்பாதீங்க" என்பேன். திட்டுவேன். ஆனால் அவர்கள் செய்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு வருடம் பிடித்தது. ஒரு நாள் காலையில் மருத்துவமனை வாசலில் ஏழுமலை நின்றார். பக்கத்தில் லட்டு, வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தான். உள்ளே வந்து, படுத்து, யாரும் தொடாமல் எழுந்து நின்றான். விலாவில் கையை ஓட்டினேன். புறங்கைபோல எலும்பு தட்டுப்பட்டது. என் வேலைக் காலத்தில் அதைப்போல மகிழ்ந்த நாள் வேறு இல்லை. ஏழுமலையைக் கட்டிப் பிடிக்காத குறை.

கவிதா கேட்ட சந்தோஷமான அனுபவம் இதோடு முடிகிறது.

அதற்குப் பிறகு, நான் ஓய்வுபெற இருந்த வருடம், மூவரும் மறுபடி வந்தார்கள். லட்டு நன்றாக இருந்தான். ரோமம் பளபளவென்று இருந்தது. கம்பவுண்டரின் செருப்பை வாயில் கவ்விக்கொண்டுவந்து எனக்குப் பரிசாகக் கொடுத்தான். தடுப்பூசிக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஊட்ட வித்துட்டோம் டாக்டரம்மா. பூந்தமல்லியாண்ட பிளாட் வாங்கிகீறோம். மூணாவது மாடி. லிப்ட்ல நாய் ஏத்த வுடமாட்டாங்கோ. இதுக்கோ இடுப்பு சரியில்ல, படி ஏற முடியாது."

"அதனால?"

"வேற யார் ஊட்லன்னா வுட்டா எங்கள நெனச்சு ஏங்கிப் போயிடும். கஷ்டப்படும். அதுக்கு ஊசியே..."

நான் காதில் வாங்கியது சரிதானா என்று ஒரு நிமிடம் எனக்கே சந்தேகம். நடக்கிற, சிரிக்கிற, செருப்பு கவ்வி வருகிற நாய்க்கு ஊசி. அதுவும் அதன்மேல் உள்ள பிரியத்தால்! இப்படிப் பிரியம் வைக்கிறவர்களிடமிருந்து எந்த ஜீவனையும் கடவுள் காப்பாற்றட்டும். ஆனால் அன்றைக்கு நான் கத்தவில்லை. கோபம் தலைக்கேறிப் போனால் எனக்குக் குரல் இறங்கிவிடும்.

"போடலாம்" என்றேன். "தலைய மடியில வச்சு யார் புடிச்சுக்கப் போறீங்க?"

ஏழுமலை சரோஜாவைப் பார்த்தார். சரோஜா தினேஷைப் பார்த்தார். தினேஷ் செல்போனைப் பார்த்தான். லட்டு எழுந்து, ஒவ்வொருவர் மடியாகப் போய்த் தானே தலையை வைத்துப் பார்த்தான். யாரும் தொடவில்லை. அந்த அறையில் யாராவது ஒருவர் அவன் காதை வருடியிருந்தால்கூட என் கோபம் பாதியாகக் குறைந்திருக்கும்.

"நாங்க வெளிய நிக்கிறோம் டாக்டரம்மா. நீங்களே..." என்றார் ஏழுமலை.

"வெளிய போங்க" என்றேன். "நல்லாப் போங்க. ஊசி போட மாட்டேன்."

போனார்கள். யோசித்துவிட்டுத் திரும்பி வருவார்கள் என்று நினைத்தேன். ஓ.பி. நேரம் முடிந்து வெளியே வந்தால், ஜன்னல் கம்பியில் லட்டுவைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். போன் அடித்தேன்; எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. என் வீடும் மேனாம்பேடுதான், லட்டு வளர்ந்த தெருவிலிருந்து நாலு தெரு தள்ளி. கூட்டிக்கொண்டு வந்தேன்.

லேப்ரடாரோடு வாழ்வது என்ன என்று எனக்கு அதுவரை தெரியாது. வைத்தியம் பார்ப்பது வேறு. வீட்டில் எதை உடுத்தினாலும் மேலே மஞ்சள் ரோமம். என் கணவர் ஜெயராஜின் தட்டிலிருந்து தோசை காணாமல் போகும். திருடியவன் அவர் காலடியிலேயே படுத்து அவருக்கு ஆறுதல் சொல்வதுபோலப் பார்ப்பான். துணி ஊற வைத்த டப்பில் ஏறி உட்கார்ந்துகொள்வான். விடிந்தால் கட்டில் ஓரத்தில் தாடையை வைத்து, நான் கண் திறக்கும்வரை மூச்சுவிட்டுக்கொண்டு நிற்பான். அந்த முகத்தில் விழித்துவிட்டு அன்றைக்கு யார்மேலும் எரிந்து விழுவது எனக்கே சிரமமாக இருந்தது.

ஆனால் ஏ ஷிப்ட் வண்டி இருந்தது. ஏழுமலையின் கம்பெனி பஸ் எங்கள் தெரு வழியாகத்தான் வரும். அது முனையில் திரும்பும் சத்தம் கேட்டால் லட்டு எங்கிருந்தாலும் ஓடிப்போய்க் கேட்டில் நிற்பான். வால் ஆடும். பஸ் வேகத்தடையில் குலுங்கி நின்று, ஆட்கள் இறங்கி, மறுபடி கிளம்பிப் போகும்வரை ஆடும். பிறகு நின்றுவிடும். சாயங்காலம் சரோஜாவின் கம்பெனி வேனுக்கும் அப்படித்தான். காலையில் தினேஷ் வரும் நேரத்துக்கும் அப்படித்தான். நான் ஒருநாள் கேட்டருகே நின்று, "அவங்க வரமாட்டாங்கடா" என்று அவனிடமே சத்தம் போட்டேன். என் கையை நக்கினான்.

பிறகு யோசித்து ஒரு வழி செய்தேன். பஸ் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் அவனைப் பின்வாசலுக்குக் கூட்டிப் போவேன். பஸ் சத்தம் கேட்ட நொடியில் கிண்ணத்தைக் கீழே வைப்பேன். முதலில் கிண்ணத்தை விட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடினான். லேப்ரடார் சோற்றை விட்டுவிட்டு ஓடுகிறது என்றால் என்ன அர்த்தம் என்று லேப்ரடார் வளர்த்தவர்களுக்குத் தெரியும். நான் விடவில்லை. நாள் தவறாமல் செய்தேன். உறவுக் கல்யாணங்களுக்குக்கூடப் போகவில்லை. மெல்ல மெல்ல, பஸ் சத்தம் என்றால் கிண்ணம் என்று அவன் மனதில் பதிந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாயிற்று, அவன் கேட்டை மறக்க.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் வாசலில் ஒரு பைக். மருத்துவமனையில் விசாரித்துக்கொண்டு வந்த ஏழுமலை உள்ளே தரையில் உட்கார்ந்திருக்கிறார். லட்டு அவர்மேல் ஏறி, முகத்தையெல்லாம் நக்கி, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போடுகிறான். அந்தச் சத்தத்தை அவன் என்னிடம் ஒருநாளும் போட்டதில்லை. பக்கத்தில் பிஸ்கெட் பாக்கெட்டின் உறை மட்டும் கிடந்தது. ஒரு கடி கடித்துத் தொலையேன்டா என்று மனதுக்குள் அலறினேன். கடிக்கவா போகிறான்?

"மறந்திருக்கும்னு நெனச்சேன் டாக்டரம்மா" என்று அழுதார் ஏழுமலை. "ஒரே ஒருவாட்டி பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். தூக்கமே வர்ல எனக்கு. இப்பதான் மனசு லேசாகீது."

மனசு லேசாகிப் போய்விட்டார். நான் ஜெயராஜைப் பிடித்துக்கொண்டேன். யாரைக் கேட்டுக் கேட்டைத் திறந்தீர்கள் என்றேன்.

"பாவம், அழுதாரும்மா. எப்படிப் போகச் சொல்றது?" என்றார்.

மறுநாள் ஏ ஷிப்ட் பஸ் முனையில் திரும்பியது. நான் பின்வாசலில் கிண்ணத்தை வைத்தேன். லட்டு கிண்ணத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கேட்டுக்கு ஓடினான். அன்று முதல் ஒரு நாளும் தவறவில்லை. ஏழுமலை மறுபடி வரவில்லை. அவருக்குத்தான் மனசு லேசாகிவிட்டதே! அவர் இறக்கி வைத்துவிட்டுப் போன பாரத்தை இந்த நாய் சுமக்கிறது. நாயைக் கைவிட்டவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்புங்கள். எவ்வளவு அழுதாலும் அனுப்புங்கள்.

இப்போது போன வாரத்து போன். தினேஷ் பேசினான்.

"மேடம், நல்லாகீறீங்களா? எனக்குக் கல்யாணமாயி பாப்பா இருக்கு மேடம். நாய்னா உயிரு. ஒரு லேப் குட்டி வாங்கலாம்னு. நம்ம லட்டு மாதிரியே வேணும். நல்ல எடமா சொல்லுங்க மேடம்."

நம்ம லட்டு.

"உங்க பிளாட்ல லிப்ட்ல நாய் ஏத்தக் கூடாதே?"

"அது அசோசியேஷன்ல கேட்டேன் மேடம். கயிறு கட்டி கூட்டினு போனா பரவால்லன்னு சொல்ட்டாங்கோ."

"அன்னிக்கு இல்லேன்னு சொன்னாங்களா?"

"அன்னிக்கு நாங்க கேக்கல மேடம். வுடமாட்டாங்கன்னு நாங்களா நெனச்சுகினோம்."

கேட்கவே இல்லை. ஊசி கேட்டார்கள், லிப்டைக் கேட்கவில்லை. பிறகு சொன்னேன், "லட்டு உயிரோடதான் இருக்கான். வாசல்லதான் படுத்திருக்கான். வந்து கூட்டிட்டுப் போறியா?" கேட்ட பிறகுதான் யோசித்தேன். சரி என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

"இல்ல மேடம், அதுக்கு வயசாயிடுச்சு. பாப்பாவுக்குச் சின்னக் குட்டியா இருந்தா நல்லாருக்கும்" என்றான்.

"சரி. குட்டி வாங்குறதுக்கு முன்னாடி ஒருநாள் ஏ ஷிப்ட் பஸ் வர்ற நேரத்துக்கு இங்க வா. உள்ள வரக் கூடாது. எதிர்க்கடை ஓரமா, அவன் கண்ணுல படாம நின்னு பாரு. பாப்பாவையும் தூக்கிட்டு வா. பாத்துட்டு அப்புறம் போன் பண்ணு, எடம் சொல்றேன்."

"சரிங்க மேடம்" என்றான். இன்னும் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பஸ் முனையில் திரும்புகிறது. லட்டுவின் இடுப்பு இப்போது மோசம். உடனே எழ முடிவதில்லை. முன்கால்களை ஊன்றி, சரிந்து, மறுபடி ஊன்றி எழுந்துவிட்டான். கேட்டுக்குப் போய்விட்டான். நான் கூப்பிட்டேன், திரும்பிப் பார்த்து வாலை ஆட்டிவிட்டு மறுபடி தெருவைப் பார்க்கிறான். பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். இரண்டு முகத்தையும் பார்த்தான். பஸ் போய்விட்டது. வால் நின்றுவிட்டது.

லேப் குட்டி வேண்டும் என்பவர்கள் ஏ ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு மேனாம்பேடு வரலாம். எதிர்க்கடை ஓரமாக நின்று பார்க்கலாம். எனக்கு போன் மட்டும் செய்ய வேண்டாம்.